அபு சிம்பல்: மலைக்கோயிலுக்குள்ள வருஷத்துக்கு ரெண்டு தடவை சூரியன் வர்றது எப்படி?

எகிப்தோட தென்கோடியில, சூடான் எல்லைக்குப் பக்கத்துல, அஸ்வான்ல இருந்து கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர் பாலைவனத்துக்குள்ள போனா அபு சிம்பல்னு ஒரு குடைவரைக் கோயில் வரும். கி.மு. 13-ஆம் நூற்றாண்டுல இரண்டாம் ராம்சேஸ்ங்கிற ராஜா மலையைக் குடைஞ்சு கட்டினது. வாசல்ல அவரோட சிலையே நாலு இருக்கு, ஒவ்வொண்ணும் சுமார் 20 மீட்டர், உக்காந்த நிலையிலயே அவ்வளவு உசரம். வருஷத்துல ரெண்டு நாள், பிப்ரவரி 22-ம் அக்டோபர் 22-ம், விடியறதுக்கு முன்னாடியே அங்க பெரிய கூட்டம் வந்து காத்துக்கிட்டு நிக்கும். சூரியன் கீழ்வானத்துல எழும்பினதும் வெளிச்சம் வாசல் வழியா நேரா உள்ள நுழைஞ்சு, பெரிய தூண் மண்டபம், அடுத்த சின்ன மண்டபம், அதுக்கடுத்த முன்னறைன்னு எல்லாத்தையும் தாண்டி, ஏறத்தாழ 60 மீட்டர் உள்ள இருக்கிற கருவறையோட பின்சுவத்துல போய் விழும். அங்க வரிசையா உக்காந்திருக்கிற சிலைங்க மேல ஒரு 20 நிமிஷம் நிக்கும், அப்புறம் விலகிடும்.

இந்த விஷயம் வாட்ஸ்அப், யூடியூப்னு எல்லா இடத்துலயும் சுத்திக்கிட்டு இருக்கு, கூடவே ஒரு கதையும் சேர்ந்தே வரும், அந்த ரெண்டு நாள்ல ஒண்ணு ராஜாவோட பிறந்தநாள், இன்னொண்ணு முடிசூட்டின நாள்னு. வெளிச்சம் விழறது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா பிறந்தநாள் கதைக்கு ஆதாரமா ஒரு வரி கல்வெட்டு கூட கிடையாது. இதுல எனக்கு ரொம்ப ஆதங்கம் என்னன்னா, இந்தக் கதை நிஜமான விஷயத்தை மறைச்சிடுது. அந்த ஜனங்க சூரிய சாமியைப் பத்தி என்ன நம்பினாங்களோ அதை அப்படியே திசைக் கணக்கா மாத்தி கல்லுல செஞ்சு வச்சிருக்காங்க, அது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பிறந்தநாள் கதையே தேவைப்படாது.

முதல்ல சாமியைப் பத்தி பாத்துடலாம். எகிப்துல சூரியன் ஒண்ணுதான், ஆனா நேரத்துக்கு நேரம் உருவம் மாறும். காலைல கெப்ரி, அதாவது சாணி உருட்டுற வண்டு. உச்சிப் பொழுதுல ரா, ராஜாளித் தலையும் அது மேல சூரிய வட்டமும். சாயங்காலம் அட்டும், வயசான மனுஷ உருவம். வண்டு எதுக்குன்னா, அது சாணியை உருட்டிக்கிட்டே போயி மண்ணுக்குள்ள புதைக்கும், அதுக்குள்ளதான் முட்டை இருக்கும், கொஞ்ச நாள் கழிச்சு புது வண்டு மண்ணைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும். பாக்குறவங்களுக்கு அது தானாவே பிறந்து வந்த உயிரா தெரிஞ்சிருக்கு, தினமும் காலைல பூமிக்குள்ள இருந்து வர்ற சூரியனுக்கு இதை விடப் பொருத்தமான உருவம் கிடைக்குமா? இன்னொரு ஆச்சரியம், சாணி வண்டு நிஜமாவே சூரியனைப் பாத்துதான் திசை பிடிக்குது, ராத்திரில பால்வெளி மண்டலத்தோட வெளிச்சத்தை வச்சு நேர்கோட்டுல போகுதுன்னு 2013-ல ஆராய்ச்சியாளர்கள் சோதனை செஞ்சே காட்டினாங்க.

மேக்கால மறைஞ்ச சூரியன் எங்க போகுது, மறுநாள் கிழக்கால எப்படி வருது? இதுக்கு அவங்க கிட்ட ரெண்டு பதில் இருந்துச்சு, ரெண்டையும் ஒரே நேரத்துல நம்பினாங்க. ஒண்ணு, வானமா வளைஞ்சு நிக்கிற நூட்ங்கிற தாய் சாயங்காலம் சூரியனை முழுங்கி காலைல திரும்பப் பெத்தெடுக்குறா. இன்னொண்ணு, ரா ஒரு படகுல ஏறி பாதாள லோகம் வழியா ராத்திரி முழுக்க பயணம் போறார், வழியில அபோபிஸ்ங்கிற பெரிய பாம்பு படகை மறிக்கும், அதை அடக்கணும், நடு ராத்திரில, பாதாள லோகத்துக்கு ராஜாவான ஓசிரிஸ்ங்கிற சாமியோட செத்த உடம்போட ரா ஒண்ணு சேர்றார், அங்கதான் சூரியனுக்கு மறு உயிர் கிடைக்குது. ராஜாக்களின் பள்ளத்தாக்குல மூணாம் துட்மோஸ்ங்கிற ராஜாவோட கல்லறையில இந்தப் பயணத்தை மணிக்கணக்கு வாரியா சுவர் முழுக்க வரைஞ்சு வச்சிருக்காங்க, மொத்தம் 12 மணி. இந்த 12 சும்மா வந்த எண் இல்ல. வானத்தை 36 நட்சத்திரக் கூட்டமா பிரிச்சு, பத்து நாளைக்கு ஒண்ணு புதுசா விடியல்ல தெரியும்னு கணக்கு வச்சிருந்தாங்க, அதுல இருட்டான நேரத்துல ஒண்ணு மாத்தி ஒண்ணு 12 கூட்டம் வர்றதால ராத்திரிக்கு 12 பாகம், அதே போல பகலுக்கும் 12. இன்னிக்கு நம்ம வாட்ச்ல ஓடுற 24 மணி நேரத்துக்கு வேர் அங்கதான் இருக்கு.

இப்ப கோயிலுக்கு வருவோம். வாசலுக்கு மேல ஒரு மாடத்துல ராஜாளித் தலையோட ரா-ஹொராக்தி நிக்கிறார், அடிவானத்துல எழும்புற சூரியனோட உருவம் அவர். அதுக்கும் மேல, முகப்போட உச்சியில, வரிசையா பபூன் குரங்குங்க ரெண்டு கையையும் தூக்கி கிழக்கைப் பாத்து கும்பிட்டுக்கிட்டு இருக்கும். விடிஞ்சதும் சத்தம் போடுற பழக்கம் இருக்கிறதால பபூன்தான் சூரியனுக்கு முதல் பக்தன்னு நினைச்சாங்க. உள்ள கருவறையில நாம பாக்கும்போது இடப் பக்கத்துல இருந்து ப்தா, ஆமுன், ராம்சேஸ், ரா-ஹொராக்தின்னு நாலு பேர், மூணு சாமிக்கு நடுவுல உயிரோட இருந்த ராஜாவே தன்னையும் சாமியா உக்கார வச்சுக்கிட்டார். வெளிச்சம் விழும்போது ஆமுன், ராம்சேஸ், ரா-ஹொராக்தி மூணு பேரும் பளிச்சுன்னு தெரிவாங்க, ஓரத்துல இருக்கிற ப்தா மட்டும் நிழல்லயே இருப்பார். ப்தா கைவினைக் கலைஞர்களோட சாமி, மெம்ஃபிஸ் நகரத்தோட படைப்புக் கடவுள், ஆனா சோகர், ஓசிரிஸ்னு பாதாளத்துச் சாமிங்களோட இணைச்சும் அவரைக் கும்பிட்டாங்க, அதனால அவர் இருட்டுல இருக்கிறது பொருத்தம்னு சொல்றது வழக்கம்.

சரி, இது நடக்குறது எப்படி?

சூரியன் கிழக்கே உதிக்கும்னு சின்ன வயசுல படிச்சோம், ஆனா மிகச் சரியா கிழக்குல உதிக்கிறது வருஷத்துல ரெண்டே நாள்தான், மார்ச் 20 வாக்குல ஒண்ணு, செப்டம்பர் 22 வாக்குல ஒண்ணு. பூமி தன்னோட அச்சுல 23.4 டிகிரி சாஞ்சுக்கிட்டே சூரியனைச் சுத்தறதால, மத்த நாள்ல உதிக்கிற இடம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துக்கிட்டே இருக்கும். ஜூன் 21 வாக்குல வடக்கு ஓரத்தைத் தொட்டு திரும்பும், டிசம்பர் 21 வாக்குல தெற்கு ஓரத்தைத் தொட்டு திரும்பும். அபு சிம்பல் இருக்கிறது 22.3 டிகிரி வட அட்சரேகையில, அங்க இந்த ஓரம் கிழக்குல இருந்து ரெண்டு பக்கமும் ஏறத்தாழ 25 டிகிரி. ஊர் வடக்கே போகப் போக இந்த வீச்சு பெருசாகும், தமிழ்நாட்டுல 24 டிகிரி வாக்குல இருக்கும்.

இப்படி போயிட்டுத் திரும்பி வர்றதாலதான் தேதி ரெண்டா வருது. ரெண்டு ஓரத்துக்கும் இடையில நீங்க எந்தத் திசையை எடுத்துக்கிட்டாலும் சூரியன் அந்த இடத்தை போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை தொடும். அபு சிம்பல் கோயிலோட மைய அச்சு கிழக்குல இருந்து பதினோரு, பன்னெண்டு டிகிரி தெற்குப் பக்கமா பாக்குது. அதனால சூரியன் தெற்கே இறங்கிப் போற அக்டோபர்ல ஒரு தடவையும், வடக்கே ஏறி வர்ற பிப்ரவரியில ஒரு தடவையும் அந்த வாசலுக்கு நேரா நிக்குது. ரெண்டு தேதியும் டிசம்பர் 21-க்கு ரெண்டு பக்கமும் ஏறத்தாழ ரெண்டு மாச தூரத்துல இருக்கு பாருங்க, ஒரு தேதி முடிவானா இன்னொண்ணு தானா வந்துடும். ராஜா பிறந்ததும் முடிசூட்டினதும் இந்தக் கணக்குக்குப் பொருந்துற மாதிரி அமைஞ்சிருக்கணும்னா அது எவ்வளவு பெரிய தற்செயலா இருக்கணும்!

திசை மட்டும் சரியா இருந்தா போதாது, கோயில் ஆழமா இருக்கிறதுதான் இதுக்கு உயிர். ஒரு குட்டைக் குழாயைக் கண்ணுல வச்சுப் பாத்தா நிறைய வானம் தெரியும், அதே அகலத்துல நீளமான குழாய்னா ஒரு புள்ளி அளவுதான் தெரியும், அதேதான் இங்கயும். 60 மீட்டர் தூரத்துல இருந்து பாக்கும்போது 1 மீட்டர் அகலம்ங்கிறது ஏறத்தாழ 1 டிகிரிதான் வரும். சூரியனோட வட்டம் வானத்துல அரை டிகிரி. பிப்ரவரியிலயும் அக்டோபர்லயும் அந்த ஊர்ல சூரியன் உதிக்கிற இடம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.4 டிகிரி நகருது. இந்த மூணு எண்ணையும் சேர்த்து வச்சுப் பாருங்க, கருவறைச் சுவத்துல வெளிச்சம் ஒரு நாளைக்கு நாப்பது சென்டிமீட்டர் வாக்குல தள்ளிப் போகும், சில நாள்லயே சிலைங்களை விட்டு விலகிடும். அப்போ அந்த ஒரே நாள்தானா விழும்னா இல்ல, முன்ன பின்ன சில நாளும் உள்ள வரும், விழற இடம்தான் மாறும். உண்மையில பிப்ரவரி 22-ம் அக்டோபர் 22-ம் மிகச் சரியான ஜோடி கூட கிடையாது, அக்டோபர் 22-க்கு சரியான ஜோடி பிப்ரவரி 20 வாக்குல வருது. அதனால விழா நடக்குற அந்த ரெண்டு நாளுக்கும் நடுவுல உதிக்கிற இடத்துல ஏறத்தாழ 0.8 டிகிரி வித்தியாசம், பின்சுவத்துல 80 சென்டிமீட்டர் வாக்குல வித்தியாசம்.

வெளிச்சம் 20 நிமிஷத்துல விலகிடறதும் இதே கணக்குதான். சூரியன் நேர் செங்குத்தா மேல ஏறாது, வடக்கு அரைக்கோளத்துல இருந்து பாத்தா ஏற ஏற தெற்குப் பக்கமா சாஞ்சுக்கிட்டே போகும். சூரியன் தெற்கே போனா கதிர் உள்ள வடக்குப் பக்கமா திரும்பும், கோயில் கிழக்குப் பாத்து இருக்கிறதால நாம கருவறையைப் பாத்து நிக்கும்போது வடக்குங்கிறது வலது கை. ஆக வெளிச்சம் இடப் பக்கத்துல இருந்து வலப் பக்கமா, அதாவது ப்தாவை விட்டு விலகி ரா-ஹொராக்திய நோக்கி நகரும். ப்தா இடது கடைசியில உக்காந்திருக்கிறது எவ்வளவு அர்த்தமுள்ள இடம்னு இப்ப தெரியுதா? கூடவே சூரியன் உசர ஏற வாசலோட மேல் விளிம்பு கதிரை வெட்டிடும், 20 நிமிஷத்துல சூரியன் நாலு டிகிரிக்கு மேல ஏறிடும், அதோட முடிஞ்சது. எகிப்துக் கோயில்ல உள்ள போகப் போக தரை உசந்து கூரை இறங்கி அறை சின்னதாகிக்கிட்டே போகும், அதனால தாழ்வா வர்ற கதிருக்கு மட்டும்தான் கருவறை வரைக்கும் வழி கிடைக்கும்.

பிறந்தநாள் கதைக்கு வர்றேன், இதை அவங்க காலண்டரை வச்சே தீத்துடலாம். எகிப்தோட சிவில் காலண்டர்ல வருஷத்துக்கு 365 நாள், 30 நாள் மாசம் பன்னெண்டு, கடைசில 5 நாள் தனி, அந்த அஞ்சு நாள்தான் ஓசிரிஸ், ஹோரஸ், சேத், ஐசிஸ், நெஃப்திஸ் பிறந்த நாளுங்க. லீப் வருஷமே கிடையாது. நிஜ சூரிய வருஷம் 365 கால் நாள் வாக்குல இருக்கிறதால நாலு வருஷத்துக்கு ஒரு நாள் காலண்டர் நழுவிக்கிட்டே போகும். இரண்டாம் ராம்சேஸ் ஆண்டது 66 வருஷம். அப்போ அவர் ஆட்சி தொடங்கி முடியறதுக்குள்ள காலண்டர் தேதிக்கும் சூரியனோட இடத்துக்கும் 16 நாள் வித்தியாசம் வந்துடும். ஒரு தேதியில பிறந்தநாள் வச்சுக்கிட்டு அந்தத் தேதியில வருஷா வருஷம் கருவறையில வெயில் விழணும்னா அவங்க காலண்டர்ல அது நடக்கவே நடக்காது, சில வருஷத்துலயே தப்பிப் போயிடும்.

அப்போ எதுக்கு இந்தத் திசை? வானியலும் தொல்லியலும் சேர்த்துப் படிக்கிறவங்க சொல்ற ஒரு விளக்கம் எனக்கு ரொம்பப் பொருத்தமா படுது. எகிப்து வருஷத்துக்கு மூணு பருவம், நாலு நாலு மாசம். அக்கெத்னா நைல் வெள்ளம் வர்ற காலம், பெரெத்னா வெள்ளம் வடிஞ்சு பயிர் முளைக்கிற காலம், ஷெமுன்னா அறுவடைக் காலம். ஒவ்வொண்ணும் 120 நாள். ராம்சேஸ் ஆட்சியோட முதல் பாதியில, காலண்டர் நழுவி நழுவி வந்து அவங்க புத்தாண்டு நாள் ஜூன் 21-ஐ ஒட்டி, அதாவது சூரியன் வடக்கு ஓரத்தைத் தொடுற நாள் வாக்குல வந்து நின்னுச்சு. அதுல இருந்து 120 நாள் எண்ணினா அக்டோபர் 20, 22 வாக்குல பெரெத் தொடக்கம், இன்னும் 120 நாள் எண்ணினா பிப்ரவரி 17, 19 வாக்குல ஷெமு தொடக்கம். ரெண்டு பருவத் தொடக்கமும் டிசம்பர் 21-க்கு ரெண்டு பக்கமும் 60, 60 நாள்ல வருது, ஒரே வாசல் ரெண்டையும் காட்டுது! மூணு பருவமும் சூரியனும் இவ்வளவு அழகா ஒண்ணு சேர்றது 1,500 வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும், ஏன்னா நாலு வருஷத்துக்கு ஒரு நாள் நழுவுற காலண்டர் முழுச் சுத்து சுத்தி அதே இடத்துக்கு வர அவ்வளவு காலம் ஆகும். அப்படி ஒரு காலத்துல ஆட்சியில இருந்த ராஜா, தன்னை ரா-ஹொராக்திக்குப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு ரெண்டு பருவத்தோட முதல் வெயிலும் தன் மேல விழற மாதிரி மலையைக் குடைஞ்சா, அதுக்கு என்ன அர்த்தம்னு அன்னிக்கு இருந்தவங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இன்னொரு கதையும் உண்டு, கோயிலை இடம் மாத்தினதால தேதி ஒரு நாள் தள்ளிப் போச்சுன்னு. அஸ்வான் உயர் அணை கட்டினப்போ அதுல தேங்குற நாசர் ஏரி இந்த இடத்தையே மூழ்கடிக்க இருந்துச்சு, யுனெஸ்கோ தலைமையில உலக நாடுகள் காசு போட்டு 1964-ல இருந்து 1968-க்குள்ள மொத்தக் கோயிலையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டா அறுத்து, 65 மீட்டர் உசரத்துல, பழைய இடத்துல இருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உள்தள்ளி திரும்ப அடுக்கினாங்க, ஒவ்வொரு துண்டும் 20, 30 டன். பின்னாடி இருக்கிற மலை இப்ப கான்கிரீட் குவிமாடம் மேல செஞ்ச செயற்கை மலை. திசையை அப்படியே காப்பாத்தினாங்க, இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் புல்லரிக்கும். ஆனா தேதி பிப்ரவரி 21-ல இருந்து 22-க்கும் அக்டோபர் 21-ல இருந்து 22-க்கும், ரெண்டுமே ஒரு நாள் தள்ளிப் போச்சுன்னு சொல்றது கணக்குக்கு ஒத்து வராது. கோயிலை மேல தூக்கினா எதிர்ல அடிவானம் கொஞ்சம் தாழும், சூரியன் கொஞ்சம் முன்னாடியே கண்ணுக்குத் தெரியும், அந்த நேரத்துல அது இன்னும் வடக்கே இருக்கும், அதனால அதே வாசலுக்கு நேரா உதிக்க சூரியன் இன்னும் கொஞ்சம் தெற்கே போயிருக்கணும். அக்டோபர்ல தெற்கே போறதுன்னா பிந்தின தேதி, பிப்ரவரியிலயோ முந்தின தேதி. அதாவது ரெண்டு தேதியும் டிசம்பரை நோக்கி எதிரெதிரா நகரணுமே தவிர, ரெண்டும் ஒரே பக்கம் நகர வழியே இல்ல.

3,200 வருஷம் ஆகியும் இது எப்படி தப்பாம நடக்குதுன்னு ஒரு கேள்வி வரும். பூமியோட அச்சுச் சாய்வு அன்னிக்கு இன்னிய விட 0.4 டிகிரி கூட இருந்துச்சு, அதனால வர்ற மாற்றம் இந்தக் கோயிலுக்கு ஏறத்தாழ அரை நாள்தான். நட்சத்திரம் உதிக்கிற இடத்தைக் குறி வச்சுக் கட்டியிருந்தா நிலைமையே வேற, பூமியோட அச்சு மெல்ல தலை சுத்தறதால நட்சத்திரங்க உதிக்கிற இடம் சில நூறு வருஷத்துலயே நல்லா மாறிடும், அந்தக் கோயில் இன்னிக்கு வெறும் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும். சூரியனை நம்பினவங்க பிழைச்சாங்க.

அபு சிம்பல் தனி ஆள் இல்ல. லக்ஸர்ல இருக்கிற கர்னாக் ஆமுன் கோயிலோட மைய அச்சு டிசம்பர் 21 வாக்குல உதிக்கிற சூரியனை நோக்கி இருக்கு, கிழக்குல இருந்து சுமார் 26 டிகிரி தெற்கே, சூரியன் போகக் கூடிய கடைசி ஓரம். அங்க தேதி ஜோடியா வராது, ஓரம்ங்கிறதால ஒரே காலம்தான், ஆனா ஓரத்துல சூரியன் பல நாள் ஏறத்தாழ அதே இடத்துலயே உதிக்கும், அதனால ஒரு நாளைக் குறிக்க அது அவ்வளவு கூர்மையான திசை இல்ல, அபு சிம்பல் இந்த விஷயத்துல ரொம்பத் துல்லியம். கர்னாக் திசையை 1890-கள்ல முதல்ல ஆராய்ஞ்சவர் இங்கிலாந்து வானியலாளர் நார்மன் லாக்கியர், அவர் இதை எதிர்ப்பக்கமா, ஜூன் மாசச் சூரிய அஸ்தமனத்துக்குன்னு எடுத்துக்கிட்டார், ஆனா நைலோட மேற்குக் கரையில இருக்கிற மலை அந்த அஸ்தமனத்தை மறைச்சிடும், உதயத்துக்குத்தான் பொருந்துது. இந்த லாக்கியர்தான் சூரிய ஒளியில அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத ஒரு மஞ்சள் கோட்டை வச்சு புதுத் தனிமம் இருக்குன்னு சொன்னவர், கிரேக்கச் சூரிய தேவன் ஹீலியோஸ் பேர்ல அது ஹீலியம் ஆச்சு. அந்தக் கதையில நமக்கும் பங்கு உண்டு, 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தப்போ, அன்னிக்கு மதராஸ் மாகாணத்துல இருந்த குண்டூர்ல இருந்து பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சனும், மசூலிப்பட்டணத்துல இருந்து மதராஸ் வானாய்வகத்து நார்மன் போக்சனும் சூரியனோட விளிம்பு ஒளியைப் பிரிச்சுப் பாத்தாங்க.

எல்லா எகிப்து ராஜாவும் சூரியனை இருட்டுக்குள்ள கூட்டிட்டு வரணும்னு நினைக்கல. ராம்சேஸுக்கு அறுபது, எழுபது வருஷம் முன்னாடி இருந்த அக்கெநாத்தன்ங்கிற ராஜா, வண்டு, ராஜாளி எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு அத்தன்ங்கிற சூரிய வட்டத்தை மட்டும் கும்பிடச் சொன்னார், கதிர் ஒவ்வொண்ணோட நுனியிலயும் சின்னக் கை இருக்கும். அவர் கோயிலுக்குக் கூரையே வைக்கல, திறந்த முற்றத்துல வரிசையா பலிபீடங்க, சாமி நேரா தலைக்கு மேல. அவர் செத்த கொஞ்ச வருஷத்துல பழைய சாமிங்க திரும்பிடுச்சு, அவர் கோயில் கல்லையெல்லாம் பிரிச்சு மத்த கட்டடத்துக்குள்ள நிரப்பிட்டாங்க. என்னைக் கேட்டா கூரை இல்லாத கோயில்ல வெயில் எப்பவும் இருக்கும், அதனாலயே அது ஒரு நிகழ்ச்சியா மாறாது, இருட்டை இவ்வளவு கவனமா செஞ்சு வச்சதாலதான் அபு சிம்பல் வெளிச்சத்துக்கு அந்த பலம்.

உசரத்தை வச்சும் இதே வேலையைச் செஞ்சாங்க. ஒபெலிஸ்க் தூணோட கூரான நுனிக்குத் தங்கமும் வெள்ளியும் கலந்த தகடு போர்த்துவாங்க, சூரியனோட முதல் கதிரைத் தரைக்கு முன்னாடி அது வாங்கிடும். கிசாவோட பெரிய பிரமிடு முதல்ல 146 மீட்டர் இருந்துச்சு, அந்த உசரத்துல இருந்து அடிவானம் தாழ்வா தெரியறதால, எதிர்ல திறந்த வெளியா இருந்தா உச்சிக்குத் தரையை விட ஒண்ணரை நிமிஷம் வாக்குல முன்னாடியே விடியும். துபாய் புர்ஜ் கலீஃபாவுல மேல் மாடியில இருக்கிறவங்க நோன்பு திறக்க ரெண்டு மூணு நிமிஷம் பிந்தணும்னு சொல்றதும் இதனாலதான்.

நம்ம ஊர்லயும் எத்தனையோ சிவன் கோயில்ல வருஷத்துல சில நாள் காலை வெயில் லிங்கத்து மேல விழும், சூரிய பூஜைன்னு கூட்டம் கூடும். இதுவும் அதே ஜியோமிதிதான், வாசலோட திசையும் கருவறையோட ஆழமும்தான் தேதியை முடிவு பண்ணுது. ஆனா நம்ம மாசக் கணக்கு நட்சத்திரத்தை வச்சு ஓடுறதால, தை 1-க்கும் சூரியன் நிஜமா வடக்கே திரும்புற டிசம்பர் 21-க்கும் இப்ப மூணு வாரத்துக்கு மேல இடைவெளி ஆயிடுச்சு, 72 வருஷத்துக்கு ஒரு நாள் வாக்குல இது கூடிக்கிட்டே போகும். அதனால ஒரு பழைய கோயில்ல இன்ன தமிழ்த் தேதியில வெயில் விழும்னு எழுதி வச்சிருந்து, இப்ப சில நாள் முன்னாடியே விழுந்தா கோயில் நகர்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, தேதிதான் நகர்ந்திருக்கு.

உங்க ஊர்க் கோயில்ல இப்படி ஒரு நாள் தெரிஞ்சா ஒரு சின்ன வேலை செஞ்சு பாக்கலாம். செப்டம்பர் கடைசியில இருந்து மார்ச்சுக்குள்ள வர்ற நாளா இருந்தா, அது டிசம்பர் 21-ல இருந்து எத்தனை நாள் தள்ளி இருக்குன்னு எண்ணி, மறுபக்கமும் அதே அளவு நாள் எண்ணுங்க. மத்த மாசம்னா ஜூன் 21-ஐ வச்சு எண்ணுங்க. ஒண்ணு ரெண்டு நாள் முன்ன பின்ன விட்டு, அந்தத் தேதியில காலைல போய் நில்லுங்க, மேகம் இல்லாம இருந்து, வாசலுக்கு எதிர்ல புதுசா கட்டடம் எதுவும் எழும்பாம இருந்தா வெயில் உள்ள வரும். அந்த ரெண்டாவது தேதி விழாவே இல்லாம யாரும் கவனிக்காம போயிட்டு இருக்கவும் வாய்ப்பு உண்டு, நிறைய கோயில்ல ஒரு தேதியை மட்டும்தான் கொண்டாடுறாங்க.